முஸ்தபாவைக் காப்பாற்றுவது யார்?

தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிப்புரம். சின்னஞ்சிறு கிராமம்தான்; ஆனால் அதன் பெயர் டில்லி வரை தெரியும். நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்வதற்காக அங்கே மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பைக் கொண்ட காந்தக் கருவி ஒன்றை உள்ளே நிறுவத் திட்டம் போட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அதற்குச் சம்மதம் தந்தது. எதிர்ப்பு எழுந்தது; வழக்குகள் நடந்தன. 2022-இல் தமிழக சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அந்த யந்திரம் இன்னும் மலைக்குள் போகவில்லை.

ஆனால் உள்ளங்கையில் அடங்கக் கூடிய வேறொரு யந்திரம், எந்த மந்திரிசபையின் சம்மதமும் இல்லாமல், பொட்டிப்புரத்துக்கும் ஒரு தபால் பொட்டலமாக வந்து இறங்கிவிட முடியும். சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளக் கூடிய அளவு. நடுவே ஒரு சிறு திரை. இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு விசை. வலப்பக்கம் நான்கு பொத்தான்கள். நகக்கண் அளவுள்ள ஒரு நினைவு அட்டைக்குள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆயிரக்கணக்கான வீடியோ விளையாட்டுகள். சீனத்தில் செய்யப்பட்டுச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் இந்தக் கைப்பெட்டிகளைச் சிறுவர்கள் மட்டும் வாங்குவதில்லை. சிறுவர்களின் தகப்பனார்களும் வாங்குகிறார்கள். வாங்கியவுடன் அவர்களில் அநேகர் தேடுவது ஒரே ஒரு பெயரை: முஸ்தபா.

விளையாட்டுச் சாமானைப் பற்றி ஒரு பத்திரிகை இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுத வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறை தன் பிள்ளைப் பிராயத்தில் கூடிக் களித்த பொருள் ஒன்று, சட்டத்தின் கண்ணில் அநாதையாகக் கிடக்கிறது. அதைக் காப்பாற்றுகிறவர்கள் அதைக் காப்பாற்ற உரிமையில்லாதவர்கள். உரிமையுள்ளவர்களோ காப்பாற்ற முன்வரவில்லை.

யார் இந்த முஸ்தபா?

வெளிநாட்டில் அந்த விளையாட்டின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. ஜப்பானிய காப்காம் கம்பெனி 1993-இல் அதை வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1980-களில் தொடங்கிய ‘ஜெனோஜோயிக் டேல்ஸ்’ என்னும் படக்கதைதான் அதற்கு ஆதாரம். ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று அதில் நான்கு வீரர்கள். ஆடுகிறவர் நால்வரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். மஞ்சள் தொப்பிக்காரனான முஸ்தபா நால்வரில் வேகமானவன். ஓடிவந்து பறந்து உதைப்பான். அந்த உதைக்கு மயங்கிய இந்தியப் பிள்ளைகள் விளையாட்டுக்கே அவன் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கேடிலாக் என்பது அமெரிக்கக் காரின் பெயர் என்று அறியாத பிள்ளைகளுக்கு, வாயில் நுழையாத பெயரைவிட வாயில் நுழைந்த பெயர் மேலாகப் பட்டது. 1996-இல் வெளிவந்த ‘காதல் தேசம்’ படப் பாட்டு வேறு அதே பெயரைத் தோழமையின் பெயராகத் தமிழ்நாடெங்கும் பரப்பிவிட்டது. பிறகு கேட்பானேன்?

கதையும் லேசானதல்ல. காலம் 26-ஆம் நூற்றாண்டு. பெரும் அழிவு ஒன்றுக்குப் பயந்து பூமிக்கடியில் ஒளிந்த மனிதர்கள், பல நூற்றாண்டு கழித்து மேலே வருகிறார்கள். வந்து பார்த்தால், எப்போதோ மாண்டுபோன டைனோசார்கள் மறுபடி உலாவுகின்றன. அவற்றைக் கொன்று கள்ளச்சந்தையில் விற்கும் கூட்டம் ஒன்று கிளம்புகிறது. அந்த வேட்டைக்காரர்களை எதிர்த்துத்தான் நால்வரும் போராடுகிறார்கள். விளையாட்டில் வரும் விலங்கு பொதுவாகத் தன்பாட்டில் இருக்கும். யாராவது அடித்தால்தான் சீறும். சீறினால் நல்லவன் கெட்டவன் பார்க்காது.

மேகமலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளரும் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. 2021-இல் திருவில்லிபுத்தூரையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஏற்பட்ட நாடு அது. வனவிலங்கைக் கொல்கிறவன் வில்லன், காக்கிறவன் நாயகன் என்று வைத்த விளையாட்டு, வெறும் அடிதடி என்று ஒதுக்கத் தக்கதா?

அடியாட்களும் ஒற்றை நாயகனும்

இந்த வகை விளையாட்டின் அமைப்பைத் தமிழ் ரசிகர்களுக்கு விளக்குவது சுலபம். சினிமாவில் பார்த்ததுதான். நாயகன் நடந்து போகிறான். எதிரே இருபது அடியாட்கள் வருகிறார்கள். எல்லோரும் ஒன்றாக வந்து பிடித்தால் நாயகன் கதி அதோகதி, ஆனால் வரமாட்டார்கள். இரண்டு பேர், மூன்று பேராக வந்து உதை வாங்கிக்கொண்டு போவார்கள். கடைசியில் பெரிய முரடன் ஒருவன் வருவான். அவனை வீழ்த்தினால் அடுத்த கட்டம். ‘முஸ்தபா’வில் இப்படி எட்டுக் கட்டங்கள்.

இந்த வம்சம் 1980-களில் ஜப்பானில் தோன்றியது. 1984-இல் ஐரெம் கம்பெனியின் ‘குங்ஃபூ மாஸ்டர்’ வந்தது. 1986-இல் டெக்னோஸ் கம்பெனியில் யோஷிஹிசா கிஷிமோட்டோ என்பவர் ‘ரெனிகேட்’ என்ற தெருச்சண்டை விளையாட்டை அமைத்தார். மறு ஆண்டே அவருடைய ‘டபுள் டிராகன்’ வந்தது. 1973-இல் வெளியான புரூஸ் லீயின் ‘எண்டர் தி டிராகன்’ படம்தான் அவருக்கு உந்துதல். ‘டபுள் டிராக’னின் சிறப்பு என்னவென்றால், இரண்டு பேர் ஒரே சமயத்தில், ஒரே பக்கத்தில் நின்று ஆடலாம். பல விளையாட்டுகளில் ஒருவன் ஜெயிக்க மற்றவன் தோற்க வேண்டும். இங்கேயோ இருவரும் சேர்ந்து போராடலாம், சேர்ந்தே தோற்கலாம்.

1989-இல் காப்காமின் ‘ஃபைனல் ஃபைட்’, 1991-இல் சேகாவின் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ என்று வம்சம் தழைத்தது. ‘முஸ்தபா’ வந்தபோது மூன்று பேர் தோளோடு தோள் நின்று ஆட இடம் கிடைத்தது. அதன் பிறகு ஒருவருக்கொருவர் மோதும் விளையாட்டுகளும், முப்பரிமாணத் தோற்றம் காட்டும் விளையாட்டுகளும் மேலோங்கின. பழைய வகை பின்னுக்குப் போயிற்று.

மலையடிவாரம் வரை வந்த வழி

நகரங்களிலும் சிறு பட்டணங்களிலும் வீடியோ கேம் கடைகள் முளைத்த காலம் ஒன்று இருந்தது. அலமாரி உயரத்துக்கு மரப்பெட்டி. அதில் ஒரு டெலிவிஷன். கீழே குமிழ் வைத்த கைப்பிடி. காசைப் போட்டால் ஆட்டம். உயிர் போனால் காசும் போச்சு. காசு உள்ளவன் ஆடுவான். இல்லாதவன் பின்னால் நின்று யோசனை சொல்வான். பார்த்தே பழகிய வித்தைக்காரர்கள் அந்தக் கடைகளில் உண்டு.

வீட்டுக்குள் வேறொரு வகை வந்தது. ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட வீட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் இந்தியக் கடைகளில் குவிந்தன. கேசட்டைச் செருகி டெலிவிஷனில் ஆடுவது. அசல் எது, நகல் எது என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு ஏற்படவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 2006-இல் தொடங்கிய இலவச வண்ண டெலிவிஷன் திட்டத்தால் ஏழை வீட்டுக்கும் திரை வந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் கிராமத்துப் பள்ளி மாணவர் கைக்கும் கணினி வந்தது. பாடத்துக்காக வந்த கணினிக்குள் பென் டிரைவ் வழியாக முஸ்தபாவும் புகுந்துகொண்டான் என்பதைப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்கள் அறிவார்கள். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கும், டோக்கியோ நகரத்துச் செல்வப் பிள்ளைக்கும் ஒரே விளையாட்டு பொதுவாயிற்று. இது சிறிய விஷயமா?

மறுபடி ஆடினால்

சரி, இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கழித்துக் கைப்பெட்டியில் அதை மறுபடி ஆடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் மகிழ்ச்சி. படம் மங்கவில்லை. வண்ணம் வெளிறவில்லை. பறந்து உதைத்தால் முன்போலவே எதிரி சுருண்டு விழுகிறான். மூன்றாம் கட்டத்தில் காரை ஓட்டி எதிரிகளைச் சிதறடிக்கும் இடம் இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது. பீப்பாயை உடைத்தால் உள்ளே உணவு. அதை எடுத்தால் போன தெம்பு திரும்பி வருகிறது.

அடுத்து ஓர் ஏமாற்றம். கைப்பெட்டியில் காசு போட வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அதுவே காசு. நூறு முறை செத்தாலும் நூறு முறை எழலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. கையிலிருந்த ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் கட்டத்தைத் தாண்டத் தவித்த அந்தப் பையனின் நெஞ்சுத் துடிப்பு இதில் இல்லை. அந்த விளையாட்டே காசைக் கறப்பதற்காக அமைக்கப்பட்டது என்பதும் இப்போது புலனாகிறது. பின்னாலிருந்து அடிக்கும் எதிரியும், திடீரென்று பாயும் கத்தியும் அடுத்த காசைக் கேட்கும் தந்திரங்களே.

அடுத்தபடியாகத் தோன்றுவதுதான் முக்கியமானது. பக்கத்தில் ஆள் இல்லை. மூன்று பேர் ஆடுவதற்கென்று செய்யப்பட்ட விளையாட்டை, இரண்டு கட்டை விரலுக்கு மட்டும் இடமுள்ள பெட்டியில் ஒருவர் தனியாக ஆடுகிறார். பீப்பாயிலிருந்து உணவு விழுந்தால் அன்று என்ன நடக்கும்? ‘நீ எடுத்துக்கொள், உனக்குத்தான் உயிர் குறைவு’ என்று ஒருவன் சொல்வான். அல்லது சொல்லாமல் எடுத்துக்கொண்டு திட்டு வாங்குவான். பங்கிடுவது என்ன, துரோகம் என்ன என்பதைப் பிள்ளைகள் அங்கே காசு கொடுத்துப் படித்தார்கள். கைப்பெட்டியில் அந்த உணவு முழுவதும் ஒருவருக்கே. ஆனாலும் அதில் ருசியில்லை.

ஆகவே, விளையாட்டின் நிரலை மட்டும் காப்பாற்றினால் பாதியைத்தான் காப்பாற்றியதாகும். கூடி ஆடுவதையும் காப்பாற்றினால்தான் முழுமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

கடையில் கிடைக்காத சரக்கு

இந்த விளையாட்டைக் காசு கொடுத்து முறையாக வாங்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்க முடியாது. 1993-இலிருந்து இன்று வரை அந்தச் சண்டை விளையாட்டு வீட்டில் ஆடுவதற்காக முறைப்படி விற்கப்பட்டதே இல்லை. 2018-இல் காப்காம் கம்பெனி தன் பழைய சண்டை விளையாட்டுகள் ஏழைத் தொகுத்து ஒரே கட்டாக விற்றது. ‘ஃபைனல் ஃபைட்’ அதில் இருந்தது. முஸ்தபா இல்லை.

நிரல் ஜப்பானியக் கம்பெனியுடையது. படக்கதை அமெரிக்கச் சித்திரக்காரருடையது. கேடிலாக் என்ற பெயர் ஜெனரல் மோட்டார்ஸ் கார்க் கம்பெனியுடையது. இத்தனை பேர் ஒன்றுகூடிக் கையெழுத்திட வேண்டிய பத்திரம் சுலபத்தில் முடியுமா? பங்காளிகள் பலர் உள்ள பூர்விக வீடு போல, பூட்டியே கிடக்கிறது.

அசல் யந்திரங்களாவது நிலைக்குமா என்றால், அதிலும் ஒரு வினை. இந்த விளையாட்டு ஓடிய காப்காம் பலகையில் ஒரு சிறிய பாட்டரி உண்டு. கள்ள நகல் எடுப்பதைத் தடுக்க, ஒலியை நடத்தும் சில்லுக்குள் ஒரு சங்கேதத் திறவுகோலை வைத்தார்கள். அந்தத் திறவுகோலை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பாட்டரிதான். பாட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும். பலகை வேலை செய்யாது. இந்தப் பலகைகளுக்குத் தற்கொலைப் பாட்டரி உள்ளது என்று பழைய யந்திரப் பிரியர்கள் சொல்வது இதனால்தான். திருடனுக்குப் பயந்து கட்டிய பூட்டு வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டது.

அப்படியிருந்தும் விளையாட்டு பிழைத்திருப்பது எப்படி? எமுலேட்டர் என்னும் நிரலால். அது ஒரு தேர்ந்த நடிகனைப் போன்றது. பழைய யந்திரத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு, புதிய கணினியின் மேடையில் அப்படியே நடிக்கும். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் ‘மேம்’ என்ற எமுலேட்டரை வெளியிட்டார். உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் கூலி வாங்காமல் அதை வளர்த்தார்கள். பழைய பலகைகள் பலவற்றின் உயிர் அதில் ஒடுங்கியிருக்கிறது. கைப்பெட்டிகளின் உள்ளே இருப்பதும் இந்த மாதிரி நிரல்களே.

இது ஒரு விளையாட்டின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்பு அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. நூற்றுக்குப் பதின்மூன்றுதான் முறைப்படி வாங்கக் கூடியவை!

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் வைத்திருப்பது வேறு. பிறர் எழுதிய விளையாட்டை அனுமதியின்றி நகலெடுத்து விற்பது வேறு. ஆயிரம் விளையாட்டுகளை அட்டைக்குள் அடைத்து விற்கும் வியாபாரி, அவற்றை உருவாக்கியவர்களுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. அதை நியாயம் என்று யாரும் வாதிக்க முடியாது. திருட்டுச் சரக்கு திருட்டுச் சரக்குதான்.

ஆனால் சட்டம் தன் கடமையையும் யோசிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் பிறந்தது. கணினி நிரலை அது இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் பாதுகாப்பு 60 ஆண்டுகள். அதாவது முஸ்தபாவைப் பொறுத்த மட்டில் 2053 வரை பூட்டு திறக்காது. 1993-இல் பத்து வயதாயிருந்த பையன் அப்போது எழுபது வயதுக் கிழவர். பலகையில் உள்ள பாட்டரி அவ்வளவு காலம் பொறுத்திருக்குமா?

2012-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு நகல் எடுத்து வைக்கலாம் என்று ஒரு நல்ல விதியைச் சேர்த்தார்கள். ஆனால் மூலப் பிரதி மின்னணு அல்லாததாக நூலகத்திலே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காகிதத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பிறக்கும்போதே மின்னணுவாகப் பிறந்த பிள்ளைக்கு அதில் இடம் எங்கே?

வீடியோ விளையாட்டைப் பற்றிச் சட்டசபையும் பார்லிமெண்டும் பேசாமலில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் செய்தது. 2025-இல் மத்திய சர்க்காரும் அத்தகைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் செய்தது. குடும்பங்களைக் கெடுக்கும் சூதைத் தடுப்பது அவசியமே. ஆனால் விளையாட்டு என்றால் தடுக்க வேண்டியது மட்டும்தானா? காக்க வேண்டியதும் உண்டு என்ற எண்ணம் இன்னும் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை.

பெற்றோர் கவலை

அடிதடி விளையாட்டைப் பாதுகாக்கச் சொல்வது பிள்ளைகளைக் கெடுப்பதாகாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. விளையாட்டே கதியென்று கிடப்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதை அலட்சியம் செய்வது தவறு. ‘முஸ்தபா’வில் கத்தியும் துப்பாக்கியும் வருகின்றன. சின்னஞ்சிறு குழந்தை கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பதும் சரியே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய விளையாட்டுக்கு முடிவு உண்டு. எட்டாம் கட்டம் முடிந்தால் சுபம். எழுந்து போய்விடலாம். இன்று கைப்பேசியில் வரும் விளையாட்டுகளில் பலவற்றுக்கு முடிவே கிடையாது. நாளைக்கு வா, இன்றே வா, இதை வாங்கு, அதை வாங்கு என்று அவை அழைத்துக்கொண்டே இருக்கும். கடைக்காரனின் பெட்டி காசைக் கேட்டது உண்மை. ஆனால் வெளிப்படையாகக் கேட்டது. பையில் காசு தீர்ந்தால் பையன் வீட்டுக்குப் போனான். எதை எந்த வயதில், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது பெற்றோர் பொறுப்பு. அந்தத் தீர்மானத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கவாவது பழையது ஒன்று கண்முன் இருக்க வேண்டாமா?

‘காளிதாஸ்’ கற்பிக்கும் பாடம்

சினிமாவையும் ஒரு காலத்தில் கூத்து, கேளிக்கை, பிள்ளைகளைக் கெடுப்பது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விளைவு என்ன? 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’தான் தமிழில் பேசிய முதல் படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-இல். அதற்குள் போனது போனதுதான். தமிழன் தன் முதல் பேசும் படத்தின் குரலைக் கேட்க இன்று வழியில்லை.

புத்தகத்தின் கதை வேறு. 1948-இலேயே சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது. 1954-இல் வந்த மத்தியச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல புத்தகம், மட்டமான புத்தகம் என்று அங்கே பாகுபாடு கிடையாது. எது நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஜப்பானில் இந்த வழியை வீடியோ விளையாட்டுக்கும் விரித்துவிட்டார்கள். அந்நாட்டு தேசிய டயட் நூலகம் 2000-ஆம் ஆண்டு முதல் விளையாட்டுகளையும் புத்தகம் போலவே சேகரித்து வருகிறது. அமெரிக்காவில் நூலகத்துக்குள் வைத்துப் பாதுகாக்க ஓரளவு சலுகை உண்டு. தொலைவில் இருப்பவருக்கும் கணினி வழியே திறந்து காட்ட அனுமதி கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அங்கும் வழக்கு ஓயவில்லை என்பது இதனால் விளங்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 2012-இல் சேர்த்த நூலக விதியை விரிவாக்க வேண்டும். மூலமே மின்னணுவாக இருந்தாலும், கடையில் முறைப்படி கிடைக்காத படைப்பைப் பொது நூலகம் நகலெடுத்துக் காக்கலாம், தன் கட்டடத்துக்குள் பயன்படுத்தக் கொடுக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். உரிமையாளர் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தால் நூலகம் அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். யாருடைய வருமானமும் இதனால் குறையாது. விற்காத பொருளுக்கு வருமானம் ஏது?

இரண்டாவதாக, நூலக இலாகா இடம் கொடுக்க வேண்டும். 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் போடி வரை ரயிலும் மறுபடி வந்துவிட்டது. பொட்டிப்புரத்துத் தகப்பனாரும் பிள்ளையும் ரயிலேறி மதுரைக்குப் போய், நூலகத்தின் ஒரு மூலையில், பெரிய திரையின் முன்னே, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, திரும்பும்போது நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு வருவதில் என்ன தப்பு? கூடி ஆடுவது என்ற மறுபாதி அப்போதுதான் பிழைக்கும்.

மூன்றாவதாக, உரிமை வைத்திருக்கும் கம்பெனிகள் யோசிக்க வேண்டும். ஒரு விளையாட்டுக்குத் தாமே பெயர் வைத்து, முப்பது ஆண்டுக்கு மேல் மறவாமல் வைத்திருக்கும் வாடிக்கைக்காரர்கள் எந்த வியாபாரிக்கும் எளிதில் கிடைப்பதில்லை. நியாயமான விலைக்கு விற்றால் வாங்கக் காத்திருக்கும் ஜனங்களைக் கள்ளச் சரக்குக்காரனிடம் துரத்துவது லாபமும் அல்ல, நியாயமும் அல்ல.

சட்டம் திருந்தும் வரை குடும்பங்கள் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. கைப்பெட்டிகளில் பலவற்றை ஒரு வயரால் டெலிவிஷனோடு இணைக்கலாம். இன்னொரு கைப்பிடியும் மாட்டலாம். தகப்பனார் மூலையில் உட்கார்ந்து தனியாகப் பொத்தானை அழுத்துவதை விட்டு, முறையாக விற்பனைக்கு வந்திருக்கும் பழைய விளையாட்டு ஒன்றை வாங்கி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி ஆடிப் பார்க்கட்டும். உணவு விழுந்தால் யார் எடுப்பது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சை எந்த நிரலும் பாதுகாத்து வைக்க முடியாது. அது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

நிரலைப் பாதுகாப்பது நாட்டின் பொறுப்பு. ‘காளிதாஸ்’ விஷயத்தில் விழித்துக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. முஸ்தபா விஷயத்தில் இன்னும் கடக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய பலகைகளில் பாட்டரிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வருகின்றன என்பதைச் சர்க்காரும் நூலக இலாகாவும் நினைவில் வைக்க வேண்டும்.